கிரேக்க சுடுமண் பொம்மைகளும் அதுல இருக்கற மனுஷ உணர்ச்சியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்த பொம்மைங்க என்ன, எவ்ளோ பெருசு இருக்கும்?

களிமண்ணுல செஞ்சு சூளைல சுட்டு மேல கலர் பூசின சின்ன உருவங்க. பெரும்பாலும் 10 லேர்ந்து 25 சென்டிமீட்டர் உயரம், கைல எடுத்துப் பாக்கற சைஸ்தான். கிரேக்கர்கள் இருந்த இடம்னா கிரீஸ் மட்டும் இல்ல, இன்னைக்கு துருக்கி இருக்கற கடலோரம், இத்தாலியோட தெக்குப் பக்கம், சிசிலி, கருங்கடல் கரைன்னு எல்லா இடத்துலயும் தோண்டத் தோண்ட வந்துக்கிட்டே இருக்கு. கோயில்ல காணிக்கையா வச்சது, கல்லறைல கூட வச்சுப் புதைச்சது, வீட்டுல இருந்ததுன்னு மூணு விதமாவும் கிடைச்சிருக்கு. பளிங்கு சிலை, வெண்கல சிலையெல்லாம் ஊரும் கோயிலும் பணக்காரங்களும் செய்ய வச்சது, இது சாதாரண ஜனங்க கடைல காசு குடுத்து வாங்கிட்டுப் போனது. எனக்கு இது மேல இவ்ளோ பிடிப்பு வந்ததுக்கு காரணமே அதான், பெரிய சிலைல தேவனும் வீரனும் நிக்கறான், இங்க பாட்டி, ஆயா, சமையக்காரி, பயந்துபோன அடிமை, விளையாடற பொண்ணுங்க எல்லாரும் இருக்காங்க.

முகத்துல ஒன்னுமே தெரியலையே, இதுல உணர்ச்சி எங்க இருக்கு?

எல்லாரும் முதல்ல கேக்கறது இதைத்தான். தனக்ராங்கற கிரேக்க ஊர் பேர்ல தனக்ரா பொம்மைங்கன்னு சொல்ற கி.மு. 4, 3-ஆம் நூற்றாண்டு பொண்ணு உருவங்களப் பாத்தா முகம் ரொம்ப சின்னது, வாய் மூடி இருக்கும், கண்ணுல இருந்த பெயின்ட்டும் உதிந்து போயிருக்கும், அதனால சும்மா அழகுக்கு நிக்குதுன்னு தோணும். முகத்த கொஞ்ச நேரம் விட்டுட்டு கழுத்து எந்தப் பக்கம் சாயுது, தோள் ஏறியிருக்கா இறங்கியிருக்கா, கை எங்க போகுது, துணி எங்க இறுகுது எங்க தொங்குதுன்னு பாருங்க.

ரொம்ப அதிகமா கிடைச்ச ஒரு மாடல எடுத்துக்கோங்க. வலது கை மடங்கி நெஞ்சுமேல இருக்கு, ஆனா மேலாடைக்கு உள்ள இருக்கு, கைமுட்டியோட மேடு மட்டும் துணிய உள்ளேர்ந்து தள்ளுது. இடது கையும் துணிக்குள்ளயே இடுப்புப் பக்கம் போயிடுது. உடம்போட எடை ஒரு கால்ல, இன்னொரு முழங்கால் லேசா முன்னாடி வந்து துணிய முட்டுது, தலை ஒரு பக்கமா சாஞ்சு பார்வை கீழ போகுது. இவ வெக்கப்படறாளா, யாரையோ நெனைக்கறாளா, யாருக்காவது காத்துக்கிட்டு நிக்கறாளான்னு ஒரே பதில் சொல்லிட முடியாது, ஆனா உள்ளுக்குள்ள எதையோ வச்சுக்கிட்டு வெளிய காட்டாம நிக்கற ஒருத்தின்னு மட்டும் உடம்பே சொல்லிடுது. வெளிய வர்ற பொண்ணு போத்திக்கிட்டு அடக்கமா நடக்கணும்னு அந்த சமூகம் எதிர்பாத்துது, அந்த அடக்கத்துக்குள்ளயே எவ்ளோ சொல்ல முடியும்னு இதை செஞ்சவங்க தேடித் தேடி கண்டுபிடிச்சிருக்காங்க.

இதுக்கு நேர் எதிரா ஒன்னு பாரிஸ் லூவ்ர் மியூசியத்துல இருக்கு, தித்தோ நடனக்காரின்னு பேரு, தித்தோங்கற பிரெஞ்சு கட்டிடக்கலைஞர் 1846-ல ஏதென்ஸ்ல அக்ரோபோலிஸ்ங்கற கோயில் குன்றுல கண்டெடுத்தது, கி.மு. 375 லேர்ந்து 350-க்குள்ள செஞ்சதுன்னு சொல்றாங்க. தலைலேர்ந்து கால் வரைக்கும் போத்தியிருக்கா, ஆனா சுத்தி ஆடறதால துணி காத்துல விரிஞ்சு உடம்ப ஒட்டி பின்னாடி பறக்குது. அந்த சந்தோஷத்த முகம் காட்டவே வேண்டியதில்ல, துணியே காட்டிடுது.

பழைய உருவங்கள்ல எல்லாரும் சிரிச்சுக்கிட்டே இருக்காங்களே, அது சந்தோஷமா?

இல்லீங்க. கி.மு. 6-ஆம் நூற்றாண்டுல பளிங்கு, வெண்கலம், சுடுமண் எல்லாத்துலயும் உதட்டோரம் மேல தூக்கின மாதிரி ஒரு சிரிப்பு வரும், சண்டைல அடிபட்டு சாகறவன் முகத்துலகூட அது இருக்கும். உயிரோட இருக்கற உருவம்னு காட்டறதுக்கான அந்தக் கால ஸ்டைல்னு எடுத்துக்கறவங்க நிறைய பேர். ரோட்ஸ் தீவுல கிடைச்ச, பொண்ணு வடிவத்துல இருக்கற வாசனை எண்ணெய் பாட்டில்கள்லயும் இதே சிரிப்புதான், அதை வச்சு அவ என்ன மனநிலைல இருக்கான்னு எதுவும் சொல்ல முடியாது.

அழுகைய, துக்கத்த எப்படி காட்டினாங்க?

இங்கதான் நான் நிறைய நேரம் செலவழிப்பேன், ஏன்னா ஆயிரம் வருஷத்துக்கு மேல ஒரே கை அசைவு தொடர்ந்து வருது. ரெண்டு கையும் தலைமேல. ஏதென்ஸச் சுத்தி இருக்கற அட்டிகா பகுதியோட கிழக்குக் கடற்கரைல பெராத்தின்னு ஒரு இடம், கி.மு. 12-ஆம் நூற்றாண்டு கல்லறைங்க, அங்க கிடைச்ச அகலமான மண் கிண்ணங்களோட விளிம்புல சின்னச் சின்ன பொம்பள உருவங்க நட்டு வச்சிருக்கு, எல்லாம் கையத் தலைமேல வச்சு அழறவங்க. அதுக்கும் முன்னாடி தனக்ராவுலயே, மைசீனிய காலத்து, அதாவது கிரீஸோட வெண்கலக் காலத்து மண் சவப்பெட்டிங்கள்ல பொம்பளைங்க வரிசையா நின்னு தலைல கைய வச்சு ஒப்பாரி வைக்கற மாதிரி வரைஞ்சிருக்காங்க. மூக்கு கண்ணெல்லாம் பேருக்குத்தான் இருக்கு, ஆனா தூரத்துலேர்ந்து பாத்தாலே சாவு வீடுன்னு புரிஞ்சுடும்.

ஏதென்ஸ் தேசிய தொல்லியல் மியூசியத்துல வாரின்னு ஒரு ஊர்ல கிடைச்ச சுடுமண் பாடை வண்டி ஒன்னு இருக்கு, கி.மு. 7-ஆம் நூற்றாண்டு. சவத்த வண்டில வச்சு கொண்டு போறாங்க, சுத்தி பொம்பளைங்க அழறாங்க, மேல ஒரு போர்வை மூடியிருக்கு. அந்தப் போர்வைய தனியா எடுக்கலாம், மண்ணுலயே மூடி மாதிரி செஞ்சிருக்காங்க, எடுத்தா உள்ள செத்தவரோட உருவம் படுத்திருக்கு. கல்லறைக்குள்ள போகப்போற ஒரு பொருள், திரும்ப யாரும் பாக்கப் போறதில்ல, அப்படியும் போர்வைக்கு அடில செத்தவர செஞ்சு வச்சிருக்காங்க. வெறும் அலங்காரத்துக்கு செஞ்சிருந்தா போர்வையோட நிறுத்தியிருப்பாங்க.

கி.மு. 6-ஆம் நூற்றாண்டு ஆரம்பத்துல ஏதென்ஸ்ல சோலோன் சட்டம் போட்டார், சாவுல பொம்பளைங்க கன்னத்த கீறிக்கக் கூடாது, அளவுக்கு மீறி ஒப்பாரி வைக்கக் கூடாதுன்னு. அந்த சட்டத்துக்கு அப்பறமும் கிரேக்க உலகத்துல அழற உருவம் நிக்கவே இல்ல. பல நூறு வருஷம் கழிச்சு, இன்னைய துருக்கிக் கடலோரத்துல இருந்த மிரினாங்கற ஊர்ல கிடைச்ச சைரன் பொம்மைங்க, அதாவது பாதி பறவை பாதி பொண்ணு, ஒரு கையால முடியப் பிச்சுக்கிட்டு இன்னொரு கையால மார்ல அடிச்சுக்கிட்டு நிக்குது. மனுஷப் பொம்பளைங்க அழறதுக்குத்தான் அளவு வச்சாங்க, கல்லறைல அவங்களுக்காக சைரன் அழுதுக்கிட்டு இருந்துது.

அமைதியான துக்கமும் உண்டு. மெலோஸ் தீவு பேர்ல அறியப்படற தட்டையான சுடுமண் பலகைங்கள்ல ஒன்னு நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்துல இருக்கு, கி.மு. 460 லேர்ந்து 450 வாக்குல செஞ்சது. ஹோமர் காவியத்துல வர்ற ராஜா ஒடிசியஸ் போருக்குப் போயிட்டு பிச்சக்காரன் வேஷத்துல வீட்டுக்குத் திரும்பி வந்திருக்கான், அவன் மனைவி பெனலோப்பி உக்காந்து தலைய கைல சாச்சு குனிஞ்சிருக்கா, அவன் அவளோட முன்னங்கையப் பிடிக்கறான். அவ இன்னும் நிமிந்து பாக்கல. இருபது வருஷம் காத்திருந்த களைப்பு அவளோட குனிஞ்ச தலைல இருக்கு, வந்துட்டேன்னு சொல்ல முடியாத தவிப்பு அவனோட விரல்ல இருக்கு, ரெண்டும் சேர்ற இடம் அந்த முன்னங்கை. எத்தன தடவ பாத்தாலும் எனக்கு அந்த ஒரு இடத்துலேர்ந்து கண்ண எடுக்க முடியறதில்ல.

அச்சுல போட்டு எடுத்ததுதானே, அப்பறம் எப்படி ஒவ்வொன்னும் வேற மாதிரி இருக்கு?

நல்ல கேள்வி, இதுக்கு செய்முறை தெரியணும். முதல்ல கையால ஒரு மூல உருவம் செய்வாங்க. அதுமேல ஈரக் களிமண்ண அமுக்கி அச்சு எடுத்து, அந்த அச்ச சுட்டு கெட்டியாக்கிக்குவாங்க. அப்பறம் அச்சுக்குள்ள களிமண்ண மெல்லிசா அப்பி, கொஞ்சம் காஞ்சு சுருங்கினதும் வெளிய எடுத்து ஒட்ட வேண்டியதுதான், நம்ம கொலு பொம்மைக்கு முன்னுக்கு ஒன்னு பின்னுக்கு ஒன்னுன்னு ரெண்டு அச்சு வைக்கறோமே அந்த மாதிரி. ஆனா முதுகுக்கு பல நேரம் அச்சே கிடையாது, வழவழன்னு ஒரு மண் தகடு, நடுவுல ஓட்டை, அந்த ஓட்டை சுடும்போது ஆவி வெளிய போகறதுக்கு, இல்லன்னா வெடிச்சுடும். 800 டிகிரி செல்சியஸ் அக்கம்பக்கம் சுட்டிருப்பாங்க. சுடறதுக்கு முன்னாடி வெள்ளைக் களிமண் கரைசல் ஒரு கோட்டிங், சுட்ட பிறகு அதுமேல கலர்.

சூட்சுமம் இங்க இருக்கு. தலைய தனி அச்சுல போட்டு தனியா ஒட்டுவாங்க, கை, விசிறி, தொப்பி எல்லாம் தனித்தனியா. ஒட்டும்போது தலைய ஒரு விரல்கடை திருப்பினா அவ யாரையோ பாக்கறா, குனிய வச்சா யோசிக்கறா, நிமித்தி வச்சா கொஞ்சம் திமிரா நிக்கறா. அதே உடம்பு, அதே முகம். இதுபோக மண்ணு ஈரமா இருக்கும்போதே கூர்மையான குச்சியால முடிய, துணி மடிப்ப திரும்ப கீறி விடுவாங்க. ஒரு பட்டறைல ஒரே நாள்ல செஞ்ச பத்து உருவத்துக்கு பத்து மனநிலை வர்றது இப்படித்தான்.

இன்னொரு விஷயம், செஞ்ச பொம்மை மேலயே திரும்ப அச்சு எடுத்து காப்பி போடுவாங்க. களிமண் காயும்போதும் சுடும்போதும் கிட்டத்தட்ட 10 சதவீதம் சுருங்கும், அதனால ஒவ்வொரு தலைமுறை காப்பியும் கொஞ்சம் சின்னதாவும் மழுங்கலாவும் ஆகிக்கிட்டே போகும். முதல்ல மழுங்கறது முகம்தான். உடம்போட நிலை, சாய்வு, கை இருக்கற இடம் இதெல்லாம் அஞ்சாவது காப்பிலயும் அப்படியே தெரியும். உணர்ச்சிய உடம்புல வச்சதுக்கு இதுவும் ஒரு காரணம்னு நான் உறுதியா நம்பறேன், செய்யறவங்களுக்கு தங்களோட சரக்கு எப்படி தேயும்னு நல்லாவே தெரிஞ்சிருக்கும்.

இதை செஞ்சவங்களுக்கு மரியாதை இருந்துதா?

பெருசா இல்ல. கி.மு. 353 வாக்குல ஏதென்ஸ் பேச்சுக்கலை ஆசிரியர் இசொக்ரட்டீஸ் தன்னப் பத்தி எழுதும்போது, என்னை வெறும் வழக்கு எழுதறவன்னு சொல்றது ஃபிடியாஸ பொம்மை செய்யறவன்னு சொல்ற மாதிரின்னு எழுதியிருக்கார். ஃபிடியாஸ்தான் பார்த்தெனான் கோயில்ல அதீனா சிலைய செஞ்ச பெரிய சிற்பி, அவரோட ஒப்பிட்டா பொம்மை செய்யறது அவ்ளோ கீழன்னு அர்த்தம். மிரினா மாதிரி ஒரு சில ஊர்ப் பொம்மைங்கள்ல பின்னாடி பட்டறைக்காரர் பேர் பொறிச்சிருக்கும், மத்தபடி யார் செஞ்சாங்கன்னே தெரியாது.

நாடக நடிகர் பொம்மைங்க நிறைய இருக்காமே, அதுல உணர்ச்சி எப்படி?

ஆமா, அதுல முகம் பேசும், ஏன்னா அது முகமூடி. மெட்ரோபாலிட்டன் மியூசியத்துல ஏதென்ஸ் பக்கம் ஒரே கல்லறைல கிடைச்சதா சொல்லப்படற 14 நடிகர் பொம்மைங்க இருக்கு, கி.மு. 5-ஆம் நூற்றாண்டு கடைசி, 4-ஆம் நூற்றாண்டு ஆரம்பம். பஞ்சு வச்சு உப்பின வயிறு, பெரிய வாய் முகமூடி. குழந்தைய தூக்கி வச்சிருக்கற கிழவி, புராண பலசாலி ஹெராக்ளீஸ் வேஷம், மேலாடைய முகத்துக்கு கொண்டுபோயி கண்ண தொடச்சுக்கற ஆள். எல்லாம் நகைச்சுவை நாடக வேஷம், ஆனா அந்த கண்ண தொடைக்கறவர சிரிப்பா மட்டும் பாக்க முடியல, சிரிக்கற முகமூடியப் போட்டுக்கிட்டு அழற உடம்பு அது.

இதே குடும்பத்துல பலிபீடத்துல உக்காந்த அடிமைன்னு ஒரு மாடல் ரொம்ப பாப்புலர், பல ஊர்ல கிடைச்சிருக்கு. ஏதோ தப்பு பண்ணிட்டு எஜமான்கிட்ட தப்பிச்சு ஓடி வந்து பலிபீடத்துமேல ஏறி உக்காந்திருக்கான், அங்க இருக்கற வரைக்கும் யாரும் கைய வைக்கக் கூடாது. கால குறுக்க போட்டு சாதாரணமா இருக்கற மாதிரி காட்டிக்கறான், ஆனா உடம்பு முழுக்க உஷாரா இருக்கு. நாடகத்த பாத்த ஜனங்களுக்கு அது சிரிப்பு, நிஜ வாழ்க்கைல அடிமைக்கு அடி நிச்சயம், ரெண்டும் அந்த மண்ணுல ஒன்னா இருக்கு.

இன்னும் நுணுக்கமா பாக்கணும்னா சிசிலிக்கு வடக்க இருக்கற லிபாரி தீவு. கல்லறைங்கள்லேர்ந்து குட்டிக் குட்டி சுடுமண் முகமூடிங்க ஏராளமா எடுத்திருக்காங்க, லூயிஜி பெர்னபோ பிரேயாங்கற தொல்லியலாளர் வாழ்நாள் முழுக்க இதுல உழைச்சவர். ரோமானியர்கள் கி.மு. 252 வாக்குல அந்த ஊர அழிச்சாங்க, அதனால எல்லாம் அதுக்கு முந்தினதுன்னு நிச்சயமா சொல்லலாம், குடும்ப நகைச்சுவை நாடகம் எழுதின மெனாண்டரோட நாடகங்கள் மேடைல ஓடின காலமும் அதுல அடங்கும். கி.பி. 2-ஆம் நூற்றாண்டுல பொல்லக்ஸ்ங்கற கிரேக்க அறிஞர் அந்த வகை நாடகத்துக்கு 44 முகமூடிய பட்டியல் போட்டிருக்கார், வீட்டுத் தலைவரான கிழவருக்கு ஒரு புருவம் மேல ஏறியிருக்கும்னு அதுல இருக்கு. எதுக்குன்னா, ரோமானியப் பேச்சுக்கலை ஆசிரியர் குவின்டிலியன் விளக்கறார், நடிகர் கோவமா பேசும்போது ஏறின புருவம் இருக்கற பக்கத்த ஜனங்களுக்கு காட்டுவார், சாந்தமா பேசும்போது முகத்த திருப்பி இன்னொரு பக்கத்த காட்டுவார். மாறாத ஒரு முகமூடிய வச்சுக்கிட்டு ரெண்டு மனநிலை. இந்த மாதிரி சுடுமண் முகமூடி போட்டோ கிடைச்சா ஒரு பாதிய கையால மறைச்சுட்டு இன்னொரு பாதியப் பாருங்க, அப்படியே ஆள் மாறிடுவார்.

சிரிப்பு, விளையாட்டு, சந்தோஷம் எதுவும் இல்லையா?

நிறைய இருக்கு. பிரிட்டிஷ் மியூசியத்துல ரெண்டு பொண்ணுங்க எதிரெதிரா குத்துக்கால் போட்டு உக்காந்து ஆட்டு எலும்புக் காய் விளையாடற உருவம், கி.மு. 330 லேர்ந்து 300-க்குள்ள, இத்தாலில கபுவாங்கற ஊர்ல கிடைச்சதா சொல்றாங்க. அதே மியூசியத்துல மிரினாலேர்ந்து வந்த, கட்டில்ல நெருங்கி உக்காந்து பேசிக்கிட்டு இருக்கற ரெண்டு பொம்பளைங்க, கி.மு. 100 வாக்குல. ரெண்டு பேருக்கும் நடுவுல இருக்கற இடைவெளியப் பாருங்க, ரகசியம் பேசறவங்க மட்டும்தான் அவ்ளோ கிட்ட உக்காருவாங்க.

கொரிந்த் பக்கம் நிறைய செஞ்ச இன்னொரு உருவம், ஒரு பொண்ணு முதுகுல இன்னொரு பொண்ணு உப்பு மூட்டை ஏறியிருக்கும். அது ஒரு விளையாட்டு, தூரத்துல ஒரு கல்ல நட்டு அதை எறிஞ்சு சாய்க்கணும், தோத்தவ ஜெயிச்சவள முதுகுல தூக்கிக்கணும், மேல இருக்கறவ கீழ இருக்கறவ கண்ண பொத்திடுவா, அப்படியே தட்டுத் தடுமாறி போயி அந்த கல்லத் தொடணும். கண்ணு தெரியாத தடுமாற்றம், மேல இருக்கறவளோட குதூகலம், ரெண்டையும் சாஞ்ச உடம்புல கொண்டு வந்திருக்காங்க.

சிரிப்புல ரொம்ப ஆழமா போறது இன்னைய துருக்கில இருக்கற ப்ரியேனே ஊர்ல, தானிய தெய்வம் டிமீட்டரோட கோயில்ல 1898-ல கிடைச்ச உருவங்க. தலையும் உடம்பும் கிடையாது, வயித்துலயே முகம், நேரா கீழ கால். பாவ்போன்னு அறிஞர்கள் பேர் குடுத்திருக்காங்க. கதை என்னன்னா, மக பெர்செஃபோனிய பாதாளத்துக்கு தூக்கிட்டுப் போயிட்டாங்க, தாய் டிமீட்டர் சாப்பிடாம குடிக்காம துக்கத்துல உக்காந்திருக்கா, அப்ப பாவ்போ துணிய தூக்கிக் காட்டி அவள சிரிக்க வச்சுடறா, சிரிச்ச பிறகுதான் டிமீட்டர் பானத்த வாங்கிக் குடிக்கறா. இன்னொரு பழைய பாட்டுல இதே வேலைய யாம்பேங்கறவ கேலி பேசியே செஞ்சுடறா. மகள இழந்த தாய்க்கு எந்த ஆறுதல் வார்த்தையும் எடுபடாத நேரத்துல கூச்சமில்லாத ஒரு சிரிப்பு வேலை செஞ்சுதுன்னு ஒரு சமூகம் நம்பி, அதை மண்ணுல செஞ்சு அதே தாயோட கோயில்ல வச்சிருக்கு. இதை ஆபாசம்னு மட்டும் பாத்து ஒதுக்கறவங்கமேல எனக்கு வருத்தம்தான்.

வீட்டு வேலை செய்யற பொம்மைங்கள்ல உணர்ச்சின்னு சொல்ல என்ன இருக்கு?

ஏதென்ஸுக்கு வடமேற்க, தனக்ரா ஊர் இருக்கற பொயோட்டியா பகுதில கி.மு. 500-ஐ ஒட்டி செஞ்ச கையளவு உருவங்க, முடி வெட்டறவர், மாவு பிசையறவங்க, சமைக்கறவங்க. பாஸ்டன் நுண்கலை மியூசியத்துல ஒரு பொம்பள சமைக்கறா, பக்கத்துல ஒரு சின்னப் பொண்ணு நின்னு பாத்துக்கிட்டு இருக்கா. லூவ்ர்ல தீப்ஸ் ஊர் உருவம் ஒன்னுல பொம்பளைங்க வரிசையா குனிஞ்சு மாவு பிசையறாங்க, ஒருத்தர் குழல் ஊதறார், அந்த தாளத்துக்கு கை ஓடுது. கண்ணு மூக்கெல்லாம் கிள்ளி வச்ச மண்ணுதான், ஆனா கூட வேலை செய்யற இணக்கம் அந்த வரிசைல தெரியுது.

கல்லறைல ஏன் வச்சாங்க? யாருக்காக?

ஒரே பதில் இல்ல. செத்தவங்களுக்கு துணையா, தெய்வத்துக்கு காணிக்கையா, வாழாம போன வாழ்க்கைக்கு பதிலான்னு பல விளக்கம் இருக்கு. மிரினாவுல 1880 லேர்ந்து 1882 வரைக்கும் பிரெஞ்சுக்காரங்க, எட்மோன் பொத்தியேயும் சாலமோன் ரெனாக்கும், கிட்டத்தட்ட 5000 கல்லறை தோண்டினாங்க, சில இடத்துல பொம்மைங்கள வேணும்னே உடைச்சு உள்ள போட்ட மாதிரி இருந்துதுன்னு பதிவு பண்ணியிருக்காங்க. பத்திரமா அடுக்கி வைக்காம, புதைக்கற நேரத்துல உடைச்சு எறியற கைய யோசிச்சுப் பாருங்க.

கல்யாண வயசு வந்த பொண்ணுங்க விளையாட்டு சாமான ஆர்டெமிஸ்ங்கற பெண் தெய்வத்தோட கோயில்ல குடுத்துடற வழக்கம் உண்டு. கிரேக்க பாட்டுத் தொகுப்பு ஒன்னுல டிமரேட்டாங்கற பொண்ணு கல்யாணத்துக்கு முன்னாடி தன்னோட மேளம், பந்து, கூந்தல் வலை, பொம்மைங்க, பொம்மையோட துணிங்க எல்லாத்தையும் ஆர்டெமிஸுக்கு குடுக்கறதா ஒரு பாட்டு இருக்கு. கையும் காலும் ஆடற மாதிரி கயிறு கோத்து செஞ்ச சுடுமண் பொம்மைங்க சின்னப் பொண்ணுங்க கல்லறைலயும் கிடைக்குது. கோயிலுக்குப் போற வயசு வர்றதுக்கு முன்னாடி போயிட்டவங்க அவங்க.

தனக்ரா பொம்மைங்க காலத்துக்கு சுமார் 400 வருஷம் கழிச்சு, அதே பொயோட்டியாவச் சேந்த எழுத்தாளர் புளூட்டார்க், தன்னோட ரெண்டு வயசு மக டிமோக்ஸினா செத்துப்போன செய்திய தனக்ராவுக்கு வந்து சேந்தப்பதான் கேட்டார். மனைவிக்கு உடனே ஒரு ஆறுதல் கடிதம் எழுதினார், அது இன்னைக்கும் இருக்கு. அதுல ஒரு இடத்துல, பாப்பா தன்னோட ஆயாகிட்ட மத்த குழந்தைங்களுக்கு மட்டுமில்ல, தான் விளையாடற சாமானுக்கும் பால் குடுக்கச் சொல்லுவாளேன்னு நினைச்சுப் பாக்கறார். குழந்தை கல்லறைல ஒரு பொம்மை கிடைச்சுதுன்னு அகழாய்வு அறிக்கைல ஒரு வரி வரும்போதெல்லாம் எனக்கு இந்த இடம்தான் ஞாபகம் வருது, பொம்மைக்கு பசிக்கும்னு நம்பின குழந்தையும், அதை மறக்க முடியாத அப்பாவும்.

கூன், வீக்கம், கோரமான முகம் இருக்கற உருவங்க எதுக்கு? கேலியா?

இன்னைய இஸ்மிர், அன்னைய ஸ்மிர்னா, அங்கேர்ந்து இந்த மாதிரி தலைங்க நிறைய வந்து லூவ்ர்ல இருக்கு. 19-ஆம் நூற்றாண்டு கடைசில சார்க்கோவும் பால் ரிஷேவும், ரெண்டு பேரும் பாரிஸ் டாக்டர்ங்க, பழைய கலைல நோயாளிங்கள எப்படி காட்டியிருக்காங்கன்னு தேடினாங்க, அதுக்கப்பறம் இதுல இன்ன இன்ன நோய் தெரியுதுன்னு டாக்டருங்க பட்டியலே போட ஆரம்பிச்சாங்க. கண்ணேறு கழிக்க வச்சதுன்னு சிலர், வெறும் கேலின்னு சிலர். எனக்குப் படறது, எல்லாத்துக்கும் ஒரே விளக்கம் தேடறதே வீண். சிலது கொடூரமான கிண்டல்தான், மறைக்க வேண்டாம். ஆனா சிலதுல வலில சுருங்கின புருவத்தையும் திறந்த வாயையும் அவ்ளோ கவனமா பாத்து செஞ்சிருக்காங்க, அந்த கவனம் கிண்டல் பண்றவனுக்கு தேவையே இல்ல. கருங்கடல் கரைல கெர்ச் பக்கம் கிடைச்ச, வயசான உடம்போட கர்ப்பமா இருந்துக்கிட்டு சிரிக்கற கிழவி உருவங்களும் இந்த மாதிரி வகைப்படுத்த முடியாததுதான், ரஷ்யாவோட ஹெர்மிடாஜ் மியூசியத்துல இருக்கு.

தனக்ராங்கற பேர் ஏன் இவ்ளோ பிரபலம்? ஃபேக் நிறையன்னு சொல்றாங்களே?

தனக்ரா பொயோட்டியாவுல ஒரு ஊர். 1870-ஐ ஒட்டி அங்க கல்லறைங்கள உள்ளூர்க்காரங்க தோண்ட ஆரம்பிச்சு, ஆயிரக்கணக்கான கல்லறை கொள்ளை போச்சு, அதுக்கப்பறம்தான் ஏதென்ஸ் தொல்லியல் சங்கம் முறையா அகழாய்வுக்கு ஆள் அனுப்பிச்சுது. ஆனா சரக்கு அதுக்குள்ள ஐரோப்பா போயிடுச்சு, 1878 பாரிஸ் உலகக் கண்காட்சில வச்சதும் பைத்தியமே பிடிச்ச மாதிரி ஆச்சு, பாரிஸ் பொண்ணுங்க மாதிரியே இருக்குன்னு கொண்டாடினாங்க. ஸ்டைல் உண்மையிலேயே பிறந்தது ஏதென்ஸ்ல, பேர் மட்டும் கண்டுபிடிச்ச ஊருக்குப் போயிடுச்சு.

டிமாண்ட் வந்ததும் ஃபேக் வந்துது. வாங்கறவங்க என்ன விரும்பறாங்களோ அதை செஞ்சாங்க, ரெண்டு மூணு உருவம் சேந்த குழு, கொஞ்சற காதலர்கள், முகத்துல தித்திப்பான பாவம். இப்ப வெப்ப ஒளிர்வு டெஸ்ட் இருக்கு, மண்ணு கடைசியா சூடு பட்ட நாள்லேர்ந்து அதுல சேந்த கதிர்வீச்சு ஆற்றல் சூடு பண்ணும்போது ஒளியா வெளிய வரும், அதை அளந்தா 2300 வருஷமா 150 வருஷமான்னு தெரிஞ்சுடும். ரொம்ப இனிப்பா, முகத்துலயே எல்லாத்தையும் சொல்லிடற உருவத்த பாத்தா முதல்ல சந்தேகப்படுங்க, நிஜமான பட்டறைக்காரர் அவ்ளோ வாய் விட்டுப் பேசமாட்டார்.

நாம பாக்கற சோகம் நிஜமா அவங்க வச்ச சோகமா, இல்ல நாமளா கற்பனை பண்றமா?

பாதி நம்ம கற்பனைதான். கலர் இருந்த உருவம் இப்ப வெறும் மண்ணு. லூவ்ர்ல நீல உடைப் பெண்ணுன்னு ஒருத்தி இருக்கா, கி.மு. 330 லேர்ந்து 300-க்குள்ள, நீலத் துணி, தங்க ஓரம், அது இன்னும் மிச்சம் இருக்கு, அவளப் பாத்துட்டு பக்கத்துல வெளிறி நிக்கறவங்களப் பாத்தா, அவங்க சோகத்துல பாதி பெயின்ட் உதிந்த சோகம்னு புரியும். ரோஜாக் கலர், செம்மண் கலர் முடி, வரைஞ்ச கண்ணு, செவப்பு உதடுன்னு பளிச்சுன்னு இருந்தவங்க. கல்லறைல கிடைச்சதுங்கறதாலயும் நாம சோகத்த ஏத்திப் பாக்கறோம், இதே மாடல் வீட்டுலயும் கோயில்லயும் இருந்திருக்கு. அதனால சோகம்னு சொல்றதவிட, எதையோ உள்ள வச்சிருக்கான்னு சொல்றதோட நிறுத்திக்கறது நேர்மை. ஆனா தலைல கைய வச்சு அழறவங்க விஷயத்துல சந்தேகமே வேண்டாம், பானைல, சவப்பெட்டில, பாட்டுல எல்லாத்துலயும் அந்த செய்கைக்கு அதே அர்த்தம்தான்.

எங்க பாக்கலாம்?

லூவ்ர், பிரிட்டிஷ் மியூசியம், ஏதென்ஸ் தேசிய தொல்லியல் மியூசியம், பெர்லின், பாஸ்டன், நியூயார்க், மிரினா பொம்மைங்களுக்கு இஸ்தான்புல்லும், பொயோட்டியாவுக்கு தீப்ஸ் மியூசியமும், நாடக முகமூடிக்கு லிபாரி. போனா முதுகுப் பக்கமும் பாருங்க, ஓட்டையும் செஞ்சவரோட விரல் தடமும் அங்கதான் தெரியும். போக முடியாதவங்களுக்கு, மெட்ரோபாலிட்டன் மியூசியம் 2017 லேர்ந்து நிறைய பொருளோட போட்டோவ பெரிய சைஸ்ல இலவசமா டவுன்லோட் பண்ண விடுது, பெனலோப்பி பலகைய அதுல தேடிப் பாத்து, ஒடிசியஸ் விரல் படற இடத்த ஜூம் பண்ணுங்க.